மோட்டாரை அடுத்த அறைக்கு அனுப்பினால் மீன் தொட்டி அமைதியாகிவிடுமா?

கேள்வி: வரவேற்பறையில் 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரத்தில் மீன் தொட்டி வைக்கப்போகிறோம். என் கணவருக்கு மோட்டார் இரைச்சல் ஆகாது. அதனால் வடிகட்டி, ஹீட்டர், மோட்டார் எல்லாவற்றையும் சம்ப்பில், அதாவது தொட்டித் தண்ணீர் வடிந்து வந்து திரும்பிப் போகும் துணைத் தொட்டியில் போட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள சாமான் அறையில் வைத்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். இடையில் 4 மீட்டர் குழாய் ஓடும். பெரிய மோட்டார் ஒன்றையும் எடுத்துக் காட்டினார். வாங்கலாமா?

பதில்: மோட்டாரை இப்போது வாங்காதீர்கள். அதைக் கடைசியாகத்தான் வாங்க வேண்டும்.

சம்ப் வைத்த தொட்டியில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மோட்டார் அல்ல, வடியும் தண்ணீர். தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் குழாய்க்குள் விழும் தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. நிறைந்த பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எழும் அதே ‘களக் களக்’ ஓசைதான். பாட்டில் காலியாவதே இல்லை என்பதுதான் வித்தியாசம். அந்த ஓசை பிறக்கும் இடம் தொட்டியின் மூலை. அதாவது, சம்ப்பை எந்த அறைக்கு அனுப்பினாலும் அது உங்கள் வரவேற்பறையிலேயே இருக்கும். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இதற்கு மருந்து, வடிகுழாயில் காற்றே புகாதபடி செய்வது. குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து சைஃபனாக ஓடினால் சத்தம் எழ வழியில்லை. இரண்டு குழாய் போடுங்கள். ஒன்றில் பல சுற்றுத் திருகி மூடும் கேட் வால்வு வைத்து, தண்ணீர் மட்டம் குழாயின் வாய்க்கு மேலேயே நிற்கும்படி மெல்ல மெல்லத் திருகி வையுங்கள். மற்றொன்று அவசரத்துக்கு: முதல் குழாயை இலையோ பாசியோ அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழி. இந்த இரண்டு குழாய் முறையை ‘ஹெர்பி’ என்று கேட்டால் விவரம் தெரிந்த கடையில் புரிந்துகொள்வார்கள். மூன்று குழாய் வைக்கும் ‘பீன் அனிமல்’ முறையில் இடையில் உள்ள குழாய் மட்டத்தில் வரும் சிறு ஏற்ற இறக்கங்களைத் தானே சமாளித்துக்கொள்ளும். தொட்டியில் இடமிருந்தால் நான் மூன்றையே சொல்வேன். வால்வில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கால் சுற்றில் மூடித் திறக்கும் பால் வால்வில் மயிரிழை அளவு திருத்தம் வராது.

தூரத்துச் சம்ப்புக்கென்றே ஒரு தொல்லை உண்டு. படுக்கையாக ஓடும் 4 மீட்டர் குழாயில் எங்கேயாவது மேடு விழுந்தால் அங்கே காற்று தங்கிவிடும். சைஃபன் பிடிக்காமல் முக்கி முனகும். தொட்டியிலிருந்து சம்ப் வரை தொடர்ந்து சரிவு இருக்கட்டும். 90 டிகிரி எல்போ ஒன்று வரும் இடத்தில் 45 டிகிரி இரண்டைப் போடுங்கள். குழாயின் முனை சம்ப் தண்ணீருக்குள் 2, 3 செ.மீ. மட்டும் மூழ்கியிருக்கட்டும். அதிகம் மூழ்கினால் உள்ளே மாட்டிய காற்று வெளியேற முடியாது.

அடுத்தது மின்சாரம் நிற்கும் நேரம். மோட்டார் நின்ற பிறகும் தொட்டியின் மேல்மட்டத் தண்ணீர் வடிந்துகொண்டேயிருக்கும். மட்டம் 3 செ.மீ. இறங்கினால் உங்கள் தொட்டியில் அது 16 லிட்டர். ஓடும் வடிகுழாயிலும் தண்ணீரை ஏற்றும் குழாயிலும் நிற்கும் தண்ணீர், தடிமனைப் பொறுத்து, இன்னும் 8, 9 லிட்டர் சேரும். ஆக 25 லிட்டர். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலமுள்ள சம்ப்பில் இது 10 செ.மீ.க்கு மேல் மட்டத்தை உயர்த்தும். அந்த இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். தொட்டிக்குத் தண்ணீர் திரும்பும் முனையும் நீர்மட்டத்துக்கு ஒட்டினாற்போல இருக்கட்டும். ஆழத்தில் இருந்தால் அதுவே பின்னோக்கி உறிஞ்சத் தொடங்கும்.

‘தண்ணீர் திரும்பாமலிருக்க ஒருவழி வால்வு போட்டுவிட்டோம், கவலையில்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் நம்பினேன். ஒரு நள்ளிரவில் மின்சாரம் போனது. காலையில் சாமான் அறைக்குள் வைத்த முதல் அடியிலேயே மிதியடி சொதசொதவென்று பாதத்தை நனைத்தது. வால்வைக் கழற்றிப் பார்த்தால் அதன் மடலுக்கும் விளிம்புக்கும் நடுவே மிளகு அளவில் ஒரு நத்தை. குற்றம் நத்தையுடையதல்ல.

இனி மோட்டார். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரை உயர்த்தவே வேண்டாத நிலையில் கிடைப்பது. உயரம் கூடக்கூட அது குறையும். அதிகபட்ச உயரம் என்று போட்டிருக்கும் அளவில் ஒரு சொட்டும் வராது. உங்கள் சம்ப் நீர்மட்டத்துக்கும் தொட்டி விளிம்புக்கும் ஏறக்குறைய 1 மீட்டர் உயரம் இருக்கும். குழாய் உராய்வையும் சேர்த்து 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல 4 மடங்கு தண்ணீர் சுற்றினால் போதும், அதாவது 1,000 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எந்த உயரத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று காட்டும் வரைபடம் பெட்டியின் பக்கத்தில் இருந்தால், 2 மீட்டரில் அந்த அளவைத் தருகிற மோட்டாரைத் தேடுங்கள். வரைபடமே இல்லாத மோட்டார் எனக்கு வேண்டாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டி.சி. மோட்டார் விலை அதிகம்தான், ஆனாலும் பொருத்தமானது. பெரியதை வாங்கி வால்வை மூடி அடக்கலாம் என்பது வீண் மின்கட்டணம். மோட்டாரைக் குழாயோடு நேராக இறுக்காமல் இடையில் ஒரு முழம் சிலிக்கோன் குழாய் வையுங்கள். இல்லையென்றால் அதிர்வு சுவர் வழியாக இந்தப் பக்கம் வந்து கேட்கும்.

மீன் விடுவதற்கு முன் இரண்டு சோதனை. மோட்டாரை நிறுத்திச் சம்ப் வழிகிறதா என்று பாருங்கள். பிறகு ஓடவிட்டு, முதன்மை வடிகுழாயைக் கையால் அடைத்து, மற்றது தனியாகச் சமாளிக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் பகலில், துணி கையில் வைத்துக்கொண்டு.

கேள்வி: எங்களிடம் வடிகுழாய்க்குத் துளையில்லாத தொட்டி இருக்கிறது. விளிம்பில் மாட்டித் தண்ணீரை வெளியே வடிக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி வாங்கினால் போதுமா?

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டியின் வளைந்த குழாயில் காற்று சேர்ந்தால் சைஃபன் அறுந்துவிடும். வடிவது நிற்கும், மோட்டார் மட்டும் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். துளை போடுவதே மேல். போடுமுன் அந்தக் கண்ணாடி டெம்பர்டு (சூடாக்கிக் கடினமாக்கியது) அல்ல என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டெம்பர்டு என்றால் துரப்பணம் பட்டதும் முழுப் பலகையும் பொடிப்பொடியாகிவிடும். அடிப்பலகை டெம்பர்டாகவும் பக்கங்கள் சாதாரணமாகவும் உள்ள தொட்டிகள் நிறைய உண்டு.

கேள்வி: 100 லிட்டர் தொட்டி, பத்துப் பன்னிரண்டு சிறு மீன்கள். எனக்கும் சம்ப் வேண்டுமா?

பதில்: வேண்டாம். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டியான கேனிஸ்டர் ஃபில்டர், நல்லதாக ஒன்று வாங்குங்கள். காற்றுக் குமிழி மோட்டாரை மட்டும் படுக்கையறையில் வைக்காதீர்கள். அதன் ரீங்காரத்தை அடக்க எந்த வால்வும் கிடையாது.