மழையில் ஈஸி ரன்: ரேஸ் வாரத்துக் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். ரேஸ் நெருங்கிவிட்டது, வானம் கொட்டித் தீர்க்கிறது, ட்ரெயிலில் (காட்டு, மலை மண்தடத்தில்) இறங்கலாமா வேண்டாமா?

ஞாயிறு ரேஸ். வியாழன் 8 கி.மீ. ஈஸி ரன் (பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம்) போட்டிருக்கிறேன். அன்று முழுக்க மழை என்கிறார்கள். விட்டுவிட்டால் நஷ்டமா?

இல்லை. ஒரு பயிற்சியின் பலன் உடம்பில் சேரவே பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். வியாழன் ஓடுவது ஞாயிற்றுக்கிழமை வேகத்தைக் கூட்டாது. கால் இறுகாமல் இருக்கவும் மனசு அடங்கவும்தான் அந்த ஓட்டம். வெறும் மழை என்றால் போங்கள், ஆனால் 8-ஐ 5 ஆக்குங்கள். இடியோ பலத்த காற்றோ இருந்தால் டிரெட்மில்லில் அரை மணி நேரம் போதும். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

பாதி வழியில் இடி இடித்தால்?

மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். 30 விநாடிக்குள் சத்தம் வந்தால் மின்னல் சுமார் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. முகட்டிலும் திறந்தவெளியிலும் நிற்காமல் உடனே இறங்குங்கள், ஒற்றை மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கட்டடமோ காரோ கிடைத்தால் உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரவேண்டாம். அதற்குள் உடம்பு குளிர்ந்துவிடும், அன்றைக்கு ஓட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு எந்த ஷூ நல்லது?

தடம் சேறா பாறையா, ரேஸ் எத்தனை கி.மீ., இப்போது எதில் ஓடுகிறீர்கள், ஒன்றுமே எழுதவில்லை. நான் எதை வைத்துப் பதில் சொல்வது? பொதுவாகச் சொன்னால், இளகிய சேற்றுக்கு 5 மி.மீ. அளவு லக் (ஷூவின் அடியில் நீட்டி நிற்கும் ரப்பர் பல்) வேண்டும். ஈரப் பாறையில் லக்கின் ஆழம் உதவாது, ரப்பர் ஒட்டுகிறதா என்பதுதான் கணக்கு. எதுவானாலும் ரேஸ் வாரத்தில் புது ஷூ வேண்டாம்.

சேற்றுத் தடத்தில் என் ஈஸி ரன் 7:45 பேஸில்தான் (கி.மீ.க்கு 7 நிமிடம் 45 விநாடி) போனது. வழக்கமாக 6:30 வரும். சராசரியைப் பிடிக்கக் கடைசி 3 கி.மீ. முடுக்கி ஓடினேன். ரேஸுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. ஃபிட்னஸ் இறங்கிவிட்டதா?

இறங்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி 3 கி.மீ.யைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இப்படிக் கடிதம் வராத மாதமே இல்லை, நானும் இதையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

6:30 என்பது காய்ந்த தடத்தில் உங்கள் உடம்புக்குச் சுலபமாக இருந்த வேகம். சேற்றில் ஒவ்வொரு அடியும் புதைகிறது, காலைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது, தள்ளும்போது பின்னால் வழுக்குகிறது. அதே உழைப்புக்கு வேகம் குறையத்தான் செய்யும். கி.மீ.க்கு ஒரு நிமிடம் கூடினாலும், ஏற்றத்தில் இரண்டு நிமிடம் கூடினாலும் அது ஈஸி ரன்தான். அப்புறம், மரங்கள் அடர்ந்த வளைவுப் பாதையில் ஜிபிஎஸ் வளைவுகளை வெட்டித் தூரத்தைக் குறைத்துக் காட்டும், பேஸ் இன்னும் மோசமாகத் தெரியும். குளிர்ந்த மணிக்கட்டில் ரத்த ஓட்டம் குறைவதால் வாட்ச் காட்டும் ஹார்ட் ரேட்டையும் நம்ப முடியாது. ஈஸிக்கு நம்பகமான அளவுகோல் உங்கள் பேச்சு. மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச வர வேண்டும். வரவில்லையா, நடங்கள்.

பல வருடங்களுக்கு முன், ரேஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது, இதே மாதிரி மழையில் ஓர் இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். பேஸ் பார்க்க மணிக்கட்டைத் திருப்பினேன். திரையில் மழைத்துளி, கட்டைவிரலால் துடைத்தேன். அந்த இரண்டு விநாடியில் இடது கால், பட்டை உரிந்த ஒரு வேரின் மேல் சாய்வாக விழுந்தது. கணுக்கால் மடங்கிய சத்தம் எனக்கே கேட்டது. ரேஸ் போனது, அதன்பின் ஆறு வாரம் ஓட்டமே இல்லை. கடைசியாகத் திரையில் பார்த்த எண் 7:10, இன்னும் மறக்கவில்லை.

அதனால் கேட்கிறேன், இந்த வாரம் வாட்ச்சில் பேஸ் திரையை எடுத்துவிடுங்கள். ஓடிய நேரம் மட்டும் தெரிந்தால் போதும். 40 நிமிடம் என்றால் 40 நிமிடம், அதில் எத்தனை கி.மீ. வந்தது என்று பார்க்கவே வேண்டாம். இறக்கத்தில் குட்டி அடிகளாக வையுங்கள், வேர்களையும் மரப்பலகைகளையும் மிதிக்காமல் தாண்டுங்கள். சேற்றுக் குட்டையைச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே இறங்குங்கள். ஓரம் பெரும்பாலும் அதைவிட வழுக்கும், தடமும் அகன்று கெடும்.

12 டிகிரி, தூறல். காட்டன் டீ ஷர்ட் போதாதா? ஓடினால் சூடாகிவிடுமே.

போதாது. நனைந்த காட்டன் ஈரத்தை விடாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஓடும்வரை தெரியாது, கால் பிசகி நடக்க ஆரம்பித்த பத்தாவது நிமிடம் பல் கிட்டும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில் ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் சூழ்ந்து 21 பேர் இறந்தார்கள். பலர் போட்டிருந்தது டீ ஷர்ட்டும் ஷார்ட்ஸும்தான். அது உயரமான மலை, நீண்ட தூரம், உங்களுடையது சின்ன ஓட்டம், சரி. ஆனால் குளிர் உடம்பில் ஏறும் விதம் ஒன்றுதான். சிந்தெடிக் சட்டை, மேலே தொப்பி வைத்த மழை ஜாக்கெட். ஜிப்பைப் பிடிக்க விரல் வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் உடனே திரும்புங்கள்.

தனியாகத்தான் ஓடுவேன். காதில் பாட்டு கேட்கலாமா?

மழையில் வேண்டாம். இடி, ஓடையின் இரைச்சல், கிளை முறியும் சத்தம், எல்லாம் காதுக்குக் கேட்க வேண்டும். ஒரு விசில் வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் உதவி தேவை என்று பொருள். ஈரத் திரையில் விரல் வேலை செய்யாது, ஃபோனைத் தண்ணீர் புகாத உறையில் போடுங்கள். சொல்லிவிட்டுப் போங்கள் என்று மேலேயே சொன்னேன், தனியாகப் போகிறவர் அதை இரண்டு பேரிடம் சொல்லுங்கள்.

லேசான சளி. ஓடலாமா?

மூக்கோடு நின்றால் 20 நிமிடம் மெதுவாக ஓடலாம், அதுவும் மழையில் இல்லாமல். நெஞ்சில் இறங்கியிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ கூடாது.

ரேஸுக்குப் போடப்போகும் ஷூவே நனைந்துவிட்டது. நாளை மறுநாள் வேண்டும்.

இன்சோலை (உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தை) தனியாக எடுங்கள், லேஸைத் தளர்த்துங்கள், சேற்றைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, முதல் நாள் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஃபேன் காற்றில் வைக்கலாம். ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், பசை இளகி அடித்தட்டு பிரியும்.