ஸ்டார் சார்ட்டும் டோபமைனும் – கடிதம்

வணக்கம் சார்,

திருமங்கலம் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வருடம் மதுரையில் எங்களுக்கு மூளை அறிவியல் பற்றி ஒரு பயிற்சி முகாம் நடந்தது. வந்தவர் நன்றாகவே பேசினார். நாம் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம், இடது மூளைப் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், வலது மூளைப் பிள்ளைகளுக்குப் படம் வரும், சிலர் கண்ணால் கற்பார்கள், சிலர் காதால் கற்பார்கள் என்றெல்லாம் சொன்னார். பரிசு கொடுத்தால் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கும், சுரந்தால் தானாகப் படிப்பார்கள் என்றார்.

நானும் சுவரில் ஒரு ஸ்டார் சார்ட் ஒட்டினேன். பத்து ஸ்டார் சேர்ந்தால் ஒரு சாக்லேட். ஆரம்பத்தில் வகுப்பே களைகட்டியது. இப்போது எந்த வேலை சொன்னாலும் "எத்தனை ஸ்டார் டீச்சர்?" என்கிறார்கள். கடைசி பெஞ்சில் நாலைந்து பேருக்கு ஸ்டாரும் வேண்டாம். அதில் ஒருவன் வெள்ளிக்கிழமையானால் அப்பாவோடு ஆட்டுச் சந்தைக்குப் போய்விட்டு மதியம்தான் வருவான். ஒரு கிடாயைத் தூக்கிப் பார்த்து இத்தனை கிலோ கறி தேறும் என்று சொல்வானாம், பெரும்பாலும் சரியாக இருக்குமாம். முல்லைப் பெரியாறு அணையை எந்த ஆண்டு திறந்தார்கள் என்று கேட்டால் தரையைப் பார்க்கிறான்.

இந்த மூளை அறிவியலில் எங்களுக்கு உருப்படியாக ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் சும்மா பேச்சா? சார்ட்டைக் கழற்றிவிடலாமா?

(பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுவோம். பத்து சதவீதக் கதை பொய். உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. முக்கால்வாசிக்கு மேல் சும்மா கிடக்கிற உறுப்புக்கு இத்தனை தீனி போட உடம்புக்கு என்ன தலையெழுத்தா? இடது மூளை, வலது மூளை விவகாரத்துக்கு ஒரு நிஜமான மூலம் உண்டு. வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வெட்டப்பட்டவர்களை ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தார், அதற்காக 1981இல் நோபல் பரிசும் பெற்றார். அது அறுவை சிகிச்சை ஆனவர்களைப் பற்றிய ஆராய்ச்சி. உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிரித்துப் பாடம் நடத்தினால் கூடுதல் பலன் உண்டு என்பதற்கும் போதிய சான்று இல்லை. 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி அப்படித்தான் எழுதினார்கள்.

மிச்சம் இருப்பது டோபமைன். இதில் விஷயம் இருக்கிறது, முகாமில் அதைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள்.

1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் நியூரான்களை, அதாவது டோபமைனைச் சுரக்கும் நரம்பு செல்களை, கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகியதும், விளக்குக்குத் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வர வேண்டிய அந்த நேரத்தில் அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. அதாவது அந்த நியூரான்கள் பரிசை அளக்கவில்லை. நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தன. ‘நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று’ என்கிற இடத்தில்தான் மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. கற்றல் என்பதில் பெரும்பங்கு இந்தத் திருத்தம்தான்.

இப்போது உங்கள் கடைசி பெஞ்ச் பையனைப் பாருங்கள். கிடாயின் இடுப்பில் கை வைத்து அழுத்திப் பார்க்கிறான், தூக்குகிறான், மனதுக்குள் ஒரு கிலோவைச் சொல்லிக்கொள்கிறான். பக்கத்திலேயே அப்பா வேறொரு எண்ணைச் சொல்கிறார். கறிக்கடைக்காரர் வெட்டிய பிறகு உண்மை தெரிந்துவிடுகிறது. கணிப்பு, உடனே விடை, எவ்வளவு பிசகினோம் என்ற கணக்கு. இது வாராவாரம் நடக்கிறது. தப்பாகச் சொன்னால் அதிகபட்சம் அப்பா சிரிப்பார். அவன் மூளையில் ஒரு குறையும் இல்லை. ஷுல்ட்ஸ் கண்டது அந்தச் சந்தையில் வேலை செய்கிறது. வகுப்பறையில் அவனை எதையும் கணிக்கச் சொல்வதில்லை. விடையை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அதே விடையைத் திருப்பிக் கேட்கிறோம்.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான். பாடத்துக்கு முன்னால் ஊகிக்க வையுங்கள்.

உங்கள் பெரியாறு பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1895 என்று ஆரம்பிக்க வேண்டாம். போர்டில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள், அது மேற்குத் தொடர்ச்சி மலை. இடப்பக்கம் ஓர் ஆறு வரையுங்கள். "இந்த ஆறு மேற்கே போய் அரபிக்கடலில் விழுது. ஆனா நம்ம திருமங்கலம் கால்வாயில் வர்றது இந்தத் தண்ணியும்தான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது இந்தப் பக்கம் எப்படி வந்துச்சு? நோட்டுல எழுதுங்க, பேசக்கூடாது." இரண்டு நிமிடம் கொடுங்கள். மோட்டார் வைத்து இறைத்திருப்பார்கள் என்று சிலர் எழுதுவார்கள். மலையைச் சுற்றிக் கால்வாய் வெட்டியிருப்பார்கள் என்று சிலர். யாரையும் திருத்தாதீர்கள். "மோட்டார்னு எழுதினவங்க, அப்ப அந்தக் காட்டுக்குள்ள கரண்ட் ஏது?" என்று மட்டும் கேளுங்கள். வகுப்பு கொஞ்சம் தவிக்கட்டும்.

அப்புறம் சொல்லுங்கள். சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் கொண்டு அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். மலையைக் குடைந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் வெட்டினார்கள். ஆற்றின் தண்ணீர் கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகையில் சேர்ந்தது. கடைசியில், கட்டிய பொறியாளர் பென்னிகுவிக், திறந்த ஆண்டு 1895. அந்த எண் ஒட்டிக்கொள்ள இப்போது ஓர் இடம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பையன்களுக்கு இந்தத் தண்ணீர் அன்னியமும் இல்லை. ‘கால்வாயில் எப்போது திறப்பார்கள்’ என்பது வீட்டில் தினமும் அடிபடுகிற பேச்சாக இருக்கும்.

அந்த இரண்டு நிமிடத் தவிப்பு வீணான நேரம் இல்லை. 2014இல் கலிபோர்னியாவில் மத்தியாஸ் குரூபரும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். பொது அறிவுக் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, விடை வருவதற்குள் சம்பந்தமில்லாத ஒரு முகத்தைக் காட்டினார்கள். விடை தெரிந்துகொள்ள ஆவலாக இருந்த நேரத்தில் காட்டிய முகங்கள் பிற்பாடு அதிகம் நினைவில் இருந்தன. டோபமைன் பகுதிகளும் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸும் அப்போது ஒன்றோடொன்று கூடிச் செயல்பட்டன. ஆவல் வந்துவிட்டால் அதோடு சேர்ந்து மற்றதும் உள்ளே போகிறது.

இன்னொன்று, ஸ்லிப் டெஸ்ட். மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றுகிற ஸ்லிப் டெஸ்ட்டைச் சொல்லவில்லை (எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்றுவதற்கே உங்களுக்கு நேரம் போதாது). புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்வது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்கள் 61 சதவீதம். இதில் வேடிக்கை, ஐந்து நிமிடத்திலேயே சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். காலையில் உருப்போட்டு மதியம் ஒப்பிக்கிற நம் ஏற்பாடு ஏன் எல்லோருக்கும் திருப்தியாக இருக்கிறது என்று இதிலேயே தெரிகிறது. இது மூளைப் படம் எடுத்துக் கண்டதல்ல, சாதாரண உளவியல். ஜான் ப்ரூயர் 1997இலேயே சொன்னார், மூளை ஆராய்ச்சியிலிருந்து நேராக வகுப்பறைக்குப் பாலம் போட முடியாது, நடுவில் உளவியல் வேண்டும் என்று. நானும் அந்தக் கட்சி. வண்ண வண்ண மூளைப் படத்தைக் காட்டிப் பேசுகிறவரிடம் கொஞ்சம் உஷாராகவே இருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘அடியாத மாடு படியாது’ என்பவர்கள் உங்கள் ஸ்டாஃப் ரூமிலும் இருப்பார்கள். கடும் பயத்தில் மூளையின் முன்பகுதி மந்தப்படுகிறது. யோசிப்பதும் ஒன்றை மனதில் நிறுத்தி வைப்பதும் அதன் வேலை. அடி வாங்கிய நாள் சாகும்வரை மறக்காது, பாடம் மறந்துவிடும். உங்கள் பையன் தரையைப் பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும் என்று நினைக்கிறேன். எல்லோர் முன்னாலும் நிறுத்தி ஆண்டைக் கேட்காமல், நோட்டில் எழுத விட்டுப் பாருங்கள். பசியும் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது, ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பில் முதல் பீரியடில் தூங்கி விழுகிறவனிடம் சாப்பிட்டாயா, எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டுவிட்டுத் திட்டலாம்.

சரி, சார்ட். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் மட்டும் முன்கூட்டியே சொன்னார்கள், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் உண்டு என்று. சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு இந்தச் சேதம் இல்லை. உங்கள் ‘எத்தனை ஸ்டார் டீச்சர்’ இதுதான். ஆனால் நாளைக் காலையே கிழித்துவிடாதீர்கள். ஒன்பது ஸ்டார் வைத்திருப்பவனுக்கு அது விளக்கு எரிந்தும் சாறு வராத கதை. பாக்கியுள்ள சாக்லேட்டைக் கொடுத்து முடியுங்கள், புதிதாக ஸ்டார் ஒட்டாதீர்கள். அந்த இடத்தில் வாரம் ஒரு கேள்வியை எழுதி ஒட்டி, விடையை வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் சொல்லுங்கள். காலையில் சொன்னால் சந்தைக்குப் போனவனுக்குக் கிடைக்காது.

அன்புடன்