வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்

ஐயா, உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. மகள் பி.ஏ. வரலாறு இறுதி ஆண்டு; ஐரோப்பிய நாடுகள் ஒன்றுசேர்ந்த கதையைத்தான் மேற்கொண்டு படிப்பேன் என்கிறாள். லண்டனில் எம்.பி.ஏ. சேர்த்துவிடச் சொல்லி மைத்துனர் நெருக்குகிறார். 35 லட்சம் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தைத் தயாராக வைத்திருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், இந்தக் கடன் வேண்டாம். அவளுக்கு மனமில்லாத படிப்புக்குத் தவணை கட்டப்போவது நீங்களும் அவளும்தான், மைத்துனர் இல்லை.

பி.எட்., சட்டம், யுபிஎஸ்சி எல்லாம் விசாரித்திருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் உதவித்தொகை தரும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலையைப் பற்றி யாராவது சொன்னார்களா? பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு இது. குறைந்தது இரண்டு நாடுகளிலாவது படித்தாக வேண்டும். ஒரு நாட்டில் எழுதிய தேர்வை அடுத்த நாடு ஏற்றுக்கொள்ளும். முழு ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் புள்ளி) என்பது அவர்களுக்குள் பொதுக் கணக்கு. 1999-ல் இத்தாலியின் போலோன்யா நகரில் ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட உயர்கல்விப் பிரகடனத்துக்குப் பிறகு இந்த முறை பரவலானது.

1870-க்கும் 1945-க்கும் இடையில் மூன்று முறை போரிட்டவை பிரான்சும் ஜெர்மனியும். ஆயுதம் செய்யத் தேவையான நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைப்போம் என்று 1950 மே 9-ல் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் முன்மொழிந்தார். மறு ஆண்டே ஆறு நாடுகள் ஒப்பந்தம் போட்டன; இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் தொடக்கம் அதுதான். இன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் டிராம் ஏறினால் ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனியின் கேல் நகரில் இறங்கலாம். உங்கள் மகளை ஈர்த்த விஷயம் இதுதான். அதை அந்த மண்ணிலேயே படிக்கட்டும்.

சரி, செலவு? உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். விமான டிக்கெட், வீசா, வாடகை, சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பிக்கலாம். இறுதி ஆண்டு மாணவர்களும் போடலாம். பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களை இப்போதே கேட்டு வைக்கட்டும். ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் நோக்கக் கடிதம் ஒன்றையே எல்லாப் படிப்புக்கும் அனுப்ப வேண்டாம்.

வேலையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிரந்தரப் பணிகள் பொதுவாக உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். ஆராய்ச்சி, தொண்டு நிறுவனங்கள், இங்குள்ள தூதரகங்கள், வர்த்தக அமைப்புகள் பக்கம் அவள் முயல வேண்டும். அதற்கு பிரெஞ்சோ ஜெர்மனோ கட்டாயம் கைகொடுக்கும். சென்னை அலியான்ஸ் பிரான்சேஸிலோ மாக்ஸ் முல்லர் பவனிலோ இந்தப் பருவமே சேர்த்துவிடுங்கள்.

இடம் கிடைத்து உதவித்தொகை கிடைக்காவிட்டால் சொந்தப் பணத்தில் போக வேண்டாம். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கட்டும்; அதுவரை மொழி வகுப்பு தொடரட்டும்.