வெள்ளைக்காரர் சொல்லும் சீனா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீன ஆய்வாளர் சைமன் லேஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு பெல்ஜியக்காரர் மாவோவின் சீனாவைக் கிழிகிழியென்று கிழித்ததை இவ்வளவு மெச்ச வேண்டுமா என்று தோன்றியது. கலாச்சாரப் புரட்சி (1966இல் மாவோ கிளப்பிவிட்ட அரசியல் கொந்தளிப்பு) பற்றி முதல் புத்தகம் எழுதியபோது அவர் சீனாவுக்குள்ளேயே இல்லை, அப்போது பிரிட்டிஷார் கையிலிருந்த ஹாங்காங்கில் உட்கார்ந்து எழுதினார் என்று நீங்களே சொல்கிறீர்கள். நேரில் போய்ப் பார்த்த அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்நோவை விட்டுவிட்டு இவரை ஏன் நம்ப வேண்டும்? என் மருமகன் ஷென்ஜெனில் வேலை பார்க்கிறார். அங்கே ரயிலையும் சாலையையும் பார்த்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்று வெட்கமாக இருக்கிறதாம். சீனா விழப்போகிறது, விழப்போகிறது என்று வெள்ளைக்காரர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அது எழுந்துகொண்டேதான் இருக்கிறது. அவர்கள் கண்ணாடியை நாம் எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும்?

ரா.கே., ஈரோடு

அன்புள்ள ரா.கே.,

கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன். பல்லவர் காலத்துக் காஞ்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம்மில் யாரும் யுவான் சுவாங்கை மேற்கோள் காட்டக் கூச்சப்படுவதில்லை. அவரும் வெளியாள்தான். ஆகவே வெளியாள் என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிட முடியாது. யார் கூட்டிக்கொண்டு போனார்கள், யாரிடம் பேசினார், அந்த ஊர்ப் பேச்சும் எழுத்தும் தெரியுமா, இதையெல்லாம்தான் கேட்க வேண்டும்.

ஸ்நோவையே எடுத்துக்கொள்வோம். 1936இல் அன்றைய ஆளுங்கட்சியான கோமிங்டாங்கின் முற்றுகையைத் தாண்டி ஷான்சி மாகாணத்தின் பாவ்ஆனுக்குப் போய் மாவோவிடம் அவர் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதியது பெரிய காரியம், யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே ஸ்நோ 1960இல் மறுபடி போனார், இந்த முறை அரசின் விருந்தாளியாக. மாபெரும் பாய்ச்சல் என்ற மாவோவின் அவசரப் பொருளாதாரத் திட்டத்துக்குப் பின் வந்த பஞ்சத்தில் கிராமம் கிராமமாக ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த வருடம் அது. மொத்தச் சாவு ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். குறைந்த கணக்கையே வைத்துக்கொண்டாலும் அன்றைய சென்னை மாநிலத்தில், அதாவது இன்றைய தமிழ்நாட்டில், கிட்டத்தட்டப் பாதி ஊர்கள் காலியானதுபோல் இருந்திருக்கும். ஸ்நோ திரும்பி வந்து, பட்டினி கிடக்கும் யாரையும் தான் பார்க்கவில்லை என்று எழுதினார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பார்க்கவில்லைதான், அவரைப் பார்க்க விடவும் இல்லை. நேரில் போனார் என்பதை நீங்கள் இவ்வளவு பெரிய சான்றாக வைப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

லேஸ் ஹாங்காங்கில் என்ன செய்துகொண்டிருந்தார்? சீனப் பத்திரிகைகளைப் படித்துக்கொண்டிருந்தார். பியர் ரிக்மான்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட அந்த ஓவிய ஆராய்ச்சிக்காரருக்கு அரசியலில் பெரிய ஈடுபாடு எதுவும் கிடையாது, பழைய சீனக் கலையும் கவிதையும்தான் உயிர். வருமானத்துக்காக பெல்ஜியத் தூதரகத்துக்குச் சீனச் செய்திகளைத் தொகுத்து அறிக்கை தயாரித்துக்கொடுத்தார். அரசுப் பத்திரிகைதான், ரகசிய ஆவணம் ஒன்றும் இல்லை. மேடையில் போன மாதம் இருந்த பெயர் இந்த மாதம் ஏன் இல்லை, எந்தப் பெயர் எதற்குப் பின்னால் போயிற்று என்று வரி வரியாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு அதுவே போதும். போதாக்குறைக்கு 1968இல் தென் சீனாவின் முத்து நதியில் பிணங்கள் மிதந்து ஹாங்காங் கரைக்கே வந்தன. இவ்வளவும் வைத்துக்கொண்டு, இது புரட்சி இல்லை, மேலிடத்து அதிகாரச் சண்டை, கையில் கிடைத்த இளைஞர்களை மாவோ அதற்குப் பயன்படுத்திக்கொண்டார் என்று 1971இல் எழுதினார். அப்போது பாரிஸில் மாவோ பித்து உச்சத்தில் இருந்தது, வசைதான் கிடைத்தது. சீனாவுக்குள் நுழையும் வழி அடைபட்டுவிடக் கூடாது என்றுதான் புனைபெயரையே வைத்துக்கொண்டார்.

நுழையவும் செய்தார். 1972இல் ஆறு மாதம் பெல்ஜியத் தூதரகத்தின் கலாச்சார அதிகாரியாக பெய்ஜிங்கில் இருந்தார். போனதும் அவர் தேடியது நகரத்தின் பழைய கோட்டை வாசல்களை. ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்க்கிறார், வாசல் இல்லை, வெறும் சாலை. சுரங்க ரயிலுக்காகவும் சாலைக்காகவும் மதிலோடு சேர்த்து இடித்திருந்தார்கள். அதில் ஷீஜிமென் வாசலின் கதையைக் கேளுங்கள்: 1969இல் அதை இடிக்கும்போது மிங் காலத்துச் செங்கல்லுக்குள்ளே அதற்கும் முந்திய யுவான் வம்சத்துக் காலத்து வாசல் ஒன்று முழுசாகப் புதைந்திருந்தது தெரியவந்தது. அதையும் சேர்த்து இடித்துவிட்டார்கள். அதே ஊருக்கு அந்தக் காலத்தில் வந்துபோன எத்தனையோ பிரமுகர்கள் எழுதிய பயணக் குறிப்புகளில் இந்த வாசல்கள் காணாமல் போனது வராது, ஏனென்றால் அவை அங்கே இருந்தன என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து, 1974இல், பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த்தும் நண்பர்களும் போனார்கள். மூன்று வாரம், அரசுச் சுற்றுலா நிறுவனத்தின் வழிகாட்டிகள் கூடவே, தொழிற்சாலை தொழிற்சாலையாகத் தேநீர், லின் பியாவோவும் (மாவோவோடு மோதி வீழ்ந்த தளபதி) கன்பூஷியஸும் ஒழிக என்று எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. திரும்பி வந்து பத்திரிகையில் பூசி மெழுகி எழுதினார். அவர் செத்து வெகுகாலம் கழித்து, 2009இல், குறிப்பேடுகள் வெளியானபோது பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் சலிப்பு. அத்தனை கூர்மையான ஆள், போரடித்தது என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை!

கூட்டிப்போனவர்கள் காட்டியதைத் தாண்டிப் பார்த்தவர்களும் உண்டு. 1972இல் இத்தாலியத் திரைப்பட இயக்குநர் அந்தோனியோனியை அரசே படமெடுக்க அழைத்தது. மனிதர் நான்ஜிங்கின் பெரிய யாங்சி பாலத்தையும் எடுத்தார், அதன் அடியில் காய்ந்துகொண்டிருந்த கால்சட்டையையும் எடுத்தார். 1974 ஜனவரியில் கட்சிப் பத்திரிகையான ‘மக்கள் நாளிதழ்’ அவரைச் சீன மக்களின் எதிரி என்று நீளமாகத் திட்டியது. குற்றப்பட்டியலில் அந்தக் கால்சட்டையும் இருந்தது. (பிரதமர் சௌ என்லாயை அடிக்க இந்தப் படம் ஒரு சாக்கு என்று சொல்பவர்கள் உண்டு, இருக்கலாம்.) பெய்ஜிங்கில் படத்தை வெளிப்படையாகத் திரையிட 2004 வரை ஆயிற்று. இன்றைக்கு அதைப் பார்க்கும் சீனர்கள் அதில் தேடுவது தங்கள் அப்பா அம்மா காலத்துத் தெருவையும் சைக்கிளையும் முகங்களையும்தான். அதை வண்ணத்தில் அப்படிப் படம்பிடித்து வைத்தவர்கள் மிகச் சிலரே.

சரி, லேஸிடம் குறையே இல்லையா? இருக்கிறது. அவருக்குப் பழைய சீனாவின் அறிஞர் உலகம் மேல் தீராத காதல், அந்த உலகத்துக்கு அடியில் கிடந்த குடியானவன் அவர் பக்கங்களில் அதிகம் வருவதில்லை. 1978க்குப் பின் வந்த பொருளாதாரப் பாய்ச்சலைப் புரிந்துகொள்ள அவரிடம் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அந்த விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, சீனா விழும் என்ற ஜோசியம் மேற்கில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. 2001இல் பத்து வருடத்துக்குள் சரிந்துவிடும் என்று ஒரு புத்தகமே வந்தது. அந்த டிசம்பரில்தான் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. ஆனால் லேஸ் ஜோசியம் சொன்னவர் இல்லை. அன்றைக்கு நடந்துகொண்டிருந்ததைச் சொன்னார், பின்னால் சீனக் கட்சியே 1981 தீர்மானத்தில் கலாச்சாரப் புரட்சியைப் பெருங்கேடு என்று ஒப்புக்கொண்டது.

உங்கள் மருமகன் சொல்லும் ரயிலும் சாலையும் உண்மைதான், நானும் மறுக்கப்போவதில்லை. அடுத்த முறை பேசும்போது ஒன்று கேட்டுப் பாருங்கள். ஷென்ஜெனில் 2020 கணக்கெடுப்பின்படி ஒன்றே முக்கால் கோடிப் பேர், அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஊர் ஹுகோவ், அதாவது குடும்பப் பதிவு, கிடையாது. பதிவு இல்லாவிட்டால் பிள்ளையை அங்கே அரசுப் பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடு. அவர் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்குகிறவர், கேன்டீனில் சமைக்கிறவர், இவர்கள் எந்த மாகாணத்துக்காரர்கள், பிள்ளைகள் யாரிடம் வளர்கிறார்கள்? அவர் சீன மொழி பேசக் கற்றிருந்தால் நேராக அவர்களிடமே கேட்கலாம். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.