கேமில் கற்ற ஜெர்மன் எதுவரை போகும்?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. பையனுக்குப் பதினாறு வயது. ஒரு வருடமாக ஜெர்மன் வகுப்புக்குப் போகிறான். இப்போது இரவானால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் தெரியாத யாரோடோ ஜெர்மனில் பேசிக்கொண்டே கேம் விளையாடுகிறான். கேட்டால் "படிக்கத்தானே செய்கிறேன்" என்கிறான். இது படிப்பா, சாக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். எது எவ்வளவு என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கு ஜெர்மன் தெரிந்திருக்கத் தேவையில்லை.

முதலில் அவன் பக்கத்து நியாயம். ஸ்வீடனைச் சேர்ந்த பியா சுந்த்க்விஸ்ட் என்ற ஆய்வாளர், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே ஆங்கிலத்தோடு எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்து 2009இல் முனைவர் பட்ட ஆய்வாக வெளியிட்டார். பாட்டுக் கேட்பது, படம் பார்ப்பது இவற்றைவிட, கேம் விளையாடுவது, இணையத்தில் புழங்குவது, வாசிப்பது இவைதான் பேச்சுக்கும் சொல்வளத்துக்கும் அதிகம் உதவின. காரணம் எளிது. படம் பார்ப்பவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கேமில் கூட்டாளி கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டால் ஆட்டம் போய்விடும்.

ஆனால் எல்லா கேமும் ஒன்றல்ல. இன்று மாலை அவனருகே உட்கார்ந்து, போன வாரத்து சாட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உளவு பார்ப்பதுபோல் வேண்டாம். "எனக்கும் காட்டேன்" என்று கேளுங்கள். அவன் எழுதிய வரிகளின் நீளத்தை மட்டும் பாருங்கள். "யா", "லோஸ்", "ஜிஜி" என்று ஒற்றைச் சொல்லாகவே ஓடினால் அது விளையாட்டு, அவ்வளவுதான். சுட்டுத்தள்ளும் கேம்களில் பெரும்பாலும் இப்படித்தான். இடது, வலது, பின்னால், ஓடு என்று பத்துப் பதினைந்து சொற்களில் ஒரு வருடத்தையே ஓட்டிவிடலாம். வரிக்கு ஆறேழு சொற்கள் இருக்கின்றன, நடுநடுவே கேள்விக்குறி வருகிறது என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது.

அமங் அஸ் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குள் யாரோ கொலையாளி. ஒரு பிணம் கிடைத்ததும் எல்லோரும் கூடிப் பேசுகிறார்கள். "வோ வார்ஸ்ட் டூ?", அதாவது நீ எங்கே இருந்தாய் என்று கேட்கிறார்கள். இவன் எங்கே இருந்தான், யாரைப் பார்த்தான், ஏன் அந்தப் பக்கம் போனான் என்று இறந்தகாலத்தில், அதுவும் நம்பும்படி, சில நொடிகளில் சொல்ல வேண்டும். வினை வடிவம் தப்பினால்கூடப் பரவாயில்லை, தடுமாறினால் சந்தேகம் இவன் மேல் விழும்! இந்த அவசரத்தை எந்த வகுப்பறையும் தர முடியாது. மைன்கிராஃப்டில் நாலு பேர் சேர்ந்து ஏதாவது கட்டுவதும் நல்ல பயிற்சி. யார் என்ன கொண்டுவருவது, எதை முதலில் செய்வது என்று பேசித்தான் ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பல நாட்டுக்காரர்கள் கலந்து ஆடும் இடத்தில் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். ஜெர்மன்காரர்களே நடத்தும் டிஸ்கார்டு (கேம் ஆடுபவர்கள் கூடிப் பேசும் செயலி) குழுவாக இருக்க வேண்டும், கேமின் மொழியையும் ஜெர்மனுக்கு மாற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் பழகுவது ஆங்கிலம்.

இனி எனக்குக் கவலை தரும் பகுதி. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவனுக்கு மாதிரி நேர்காணல் நடத்தினோம். கேமில் பழகிய பையன், தங்குதடையில்லாமல் பேசினான். எதிரே அமர்ந்திருந்த ஜெர்மன் ஆசிரியை காகிதத்தைத் தேடியபோது "வார்ட்டெ மால்" என்றான். "கொஞ்சம் இரு" என்று அர்த்தம். நமக்கு நீ, நீங்கள் இருப்பதுபோல அவர்களுக்கு 'டூ', 'ஸீ' உண்டு. முன்பின் தெரியாத பெரியவரிடம், வேலை கேட்டுப் போன இடத்தில் 'ஸீ' போட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். கேமில் எல்லோரும் எல்லோருக்கும் 'டூ'தான். அந்தப் பையனுக்கு 'ஸீ' தெரியாமல் இல்லை, வகுப்பில் படித்திருக்கிறான், நாக்கு பழகவில்லை. ஆசிரியை சிரித்துவிட்டார். வேலை கொடுப்பவரும் சிரிப்பார் என்று சொல்ல முடியாது.

எழுத்திலும் இதே கதை. ஜெர்மனில் பெயர்ச்சொல் எங்கே வந்தாலும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். சாட்டில் பலரும் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் அடித்துத் தள்ளுவார்கள், 'நிஷ்ட்ஸ்' என்பதை 'நிக்ஸ்' என்பார்கள். ஒரு பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா என்பதைத் தவறாகச் சொன்னாலும் கூட்டாளி திருத்த மாட்டார்; அவருக்குப் புரிந்துவிட்டது, ஆட்டம்தான் முக்கியம். திருத்தப்படாத தவறு நாளடைவில் பழக்கமாகிவிடும்.

கதே நிறுவனம் ஜெர்மன் கற்பவர்களுக்கு நடத்தும் பி1 என்ற இடைநிலைத் தேர்வோடு வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். பேச்சுத் தேர்வின் முதல் பகுதியே இன்னொருவரோடு சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுவது. கேம் ஆடுகிற பிள்ளைகள் இதை ஊதித் தள்ளுவார்கள். எழுத்துத் தேர்வில் மூன்று வேலைகள்: நண்பருக்கு ஒரு மின்னஞ்சல், இணைய விவாதம் ஒன்றில் தன் கருத்து, கடைசியாக ஆசிரியரைப் போன்ற ஒருவருக்கு மரியாதையாகச் சுமார் 40 சொற்களில் ஒரு மின்னஞ்சல். முதல் இரண்டில் சாட் பழக்கம் கைகொடுக்கும், பெரிய எழுத்தை மறக்காதவரை. மூன்றாவதில்தான் மாட்டுவான்.

அதனால் கேமை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் கேட்பேன். அன்று தான் எழுதிய வரிகளில் ஐந்தை ஒரு நோட்டில் எழுதட்டும். ஒவ்வொன்றின் கீழும் அதையே ஓர் அலுவலகத்தில் எப்படிச் சொல்வான் என்று எழுதட்டும். "வார்ட்டெ மால்" என்பதன் கீழே "வார்டென் ஸீ பிட்டெ ஐனென் மொமென்ட்". வாரம் ஒருமுறை வகுப்பு ஆசிரியர் அதைத் திருத்தட்டும். அந்த நோட்டு வளர்கிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டிஸ்கார்டில் சேர 13 வயது ஆகியிருக்க வேண்டும், சில நாடுகளில் அதற்கும் மேல். 2023இல் பெற்றோருக்கென்று ஒரு வசதி கொண்டுவந்தார்கள். பிள்ளை எந்தக் குழுக்களில் இருக்கிறான், யாரோடு பேசுகிறான் என்று தெரியும், பேசிய விஷயம் தெரியாது. பதினாறு வயதுக்கு அது சரியான அளவு என்பது என் எண்ணம். பள்ளியின் பெயர், போட்டோ, போன் எண் எதுவும் தரக்கூடாது. "இங்கே வேண்டாம், வேறு செயலியில் தனியாகப் பேசலாம்" என்று யாராவது அழைத்தால் அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் கேமைப் பிடுங்க மாட்டீர்கள் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடுங்கள். பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

வேலையைப் பொறுத்தவரை, மொழி தனியாகச் சோறு போடுவது அரிது. செவிலியர் படிப்போடு பி2 (பி1-க்கு அடுத்த நிலை), பொறியியலோடு பி2 என்று ஒரு தொழிலோடு சேரும்போதுதான் மதிப்பு. கேம்களை மொழிபெயர்க்கும் நிறுவனங்களில் சோதனையாளர் வேலை இருக்கிறது. பெரும்பாலும் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைத்தான் தேடுவார்கள். அதை நம்பி இப்போதே திட்டம் போட வேண்டாம்.

சரி, பையனுக்கு ஒரு வேலை தருகிறேன். தான் என்ன விளையாடுகிறான், ஏன் பிடிக்கிறது என்று எனக்கு 40 சொற்களில் ஜெர்மனில் ஒரு மின்னஞ்சல் எழுதட்டும், வெள்ளிக்கிழமைக்குள். என் ஜெர்மன் அரைகுறைதான், ஆனால் ஓர் இடத்தில் 'டூ' வந்தாலும் பிடித்துவிடுவேன் என்று சொல்லுங்கள்.