குதவுரிச் சுவரை இடிக்க வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஜார்ஜியாவில், திபிலிசியில் மருத்துவம் படிக்கிறாள். குதவுரி மலைப்பக்கம் போனபோது ரஷ்ய-ஜார்ஜிய நட்புச் சின்னத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். 2008-ல் போர் புரிந்த நாடுகளுக்கு நட்புச் சின்னமா? இன்னும் இடிக்காமல் வைத்திருக்கிறார்களே, இது பொய் இல்லையா?

ரா., திண்டுக்கல்

அன்புள்ள ரா.,

பொய்தான். அதுவும் 2008-க்கு வெகு முன்பே. 1783-ல் கிழக்கு ஜார்ஜியாவின் அரசர் இரண்டாம் எரெக்லே, கியோர்கியெவ்ஸ்க் உடன்படிக்கைப்படி ரஷ்யாவின் பாதுகாப்பை ஏற்றார். 1795-ல் பாரசீகப் படை திபிலிசியைச் சூறையாடியபோது ரஷ்யர்கள் உதவிக்கு வரவில்லை. 1801-ல் அந்த நாட்டையே தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்த உடன்படிக்கையின் இருநூறாம் ஆண்டுக்காக 1983-ல் எழுப்பியதுதான் உங்கள் மகள் படமெடுத்த இந்தச் சின்னம், ஒரு பெரிய சுவர்.

இடிக்கத் தெரியாதவர்கள் இல்லை ஜார்ஜியர்கள். 2009-ல் குத்தாயிசியில் சோவியத் போர் நினைவுச்சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சிதறிய கான்கிரீட் பட்டு ஒரு தாயும் மகளும் இறந்துபோனார்கள். அடுத்த ஆண்டு கோரியில் ஸ்டாலின் சிலையை இரவோடு இரவாக இறக்கினார்கள். இத்தனைக்கும் ஸ்டாலின் அந்த ஊர்க்காரர்!

குதவுரிச் சுவர் பிழைத்ததற்குக் காரணம், எனக்குத் தெரிந்து, அது நிற்கும் இடம். மகள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அரைவட்டமாக வளைந்த சுவர், உள்பக்கம் முழுக்க வண்ண ஓட்டுச் சித்திரம், நடுவில் குழந்தையோடு ஒரு தாய், இருபுறமும் இரு நாட்டு வரலாற்றுக் காட்சிகள். ஆனால் வருகிறவர்கள் சித்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வளைவுகள் வழியே பள்ளத்தாக்கைத்தான் பார்க்கிறார்கள். உடன்படிக்கையை யார் நினைக்கிறார்கள்? அதே சாலையில்தான் ரஷ்ய எல்லைக்கு லாரிகள் போகின்றன. 2022-ல் ராணுவத்துக்கு ஆள் பிடித்தபோது தப்பி வந்த ரஷ்யர்களும் அந்த எல்லை வழியாகத்தான் வந்தார்கள்.

உக்ரைன் தலைநகர் கீவிலும் ரஷ்ய-உக்ரைன் நட்புக்கென்று ஒரு வளைவு உண்டு. 2022 ஏப்ரலில் அதன் கீழிருந்த ரஷ்ய, உக்ரைனியத் தொழிலாளர் சிலையை அகற்றினார்கள். வளைவை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினார்கள். குண்டு விழும் ஊரில் அது நியாயம். குதவுரியில் இடிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. 1795, 1801, 2008 மூன்றிலும் நடந்ததை ஒரு பலகையில் எழுதி நுழைவிடத்தில் வைத்தால் போதும்.

அப்புறம், குதவுரிச் சுவரை வடிவமைத்த கியோர்கி சகாவாதான் திபிலிசியில் பெட்டி பெட்டியாக அடுக்கி நிற்கும் பழைய நெடுஞ்சாலை அமைச்சகக் கட்டடத்தையும் வடிவமைத்தவர். இப்போது அது பாங்க் ஆஃப் ஜார்ஜியாவின் தலைமையகம். மகளை ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்; எனக்கு இந்தச் சுவரைவிட அது பிடிக்கும்.