விழித்திரை நாளங்களை எண்ணால் அளக்கலாமா?

கேள்வி: நம் தீவில் நீரிழிவு இல்லாத குடும்பமே அரிது. இறுதியாண்டு ஆய்வுக்காக, விழித்திரைப் படங்களில் தெரியும் இரத்த நாளங்களின் ஃபிராக்டல் பரிமாணத்தைக் கணக்கிட விரும்புகிறேன். அந்த எண்ணைக் கொண்டு கண் பாதிப்பைக் கண்டறிய முடியுமா?
– பல்கலைக்கழக மாணவி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. ஆயினும் நீங்கள் தேர்ந்திருப்பது நல்ல ஆய்வுப்பொருள். கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிரோ 1975இல் ஃபிராக்டல் என்று பெயரிட்ட வடிவங்களைப் போலவே விழித்திரை நாளங்களும் கிளைக்குள் கிளையாகப் பிரிகின்றன. அத்தகைய வடிவம் பரப்பை எவ்வளவு நிரப்புகிறது என்பதைக் காட்டும் எண்ணே ஃபிராக்டல் பரிமாணம்; நேர்கோட்டுக்கு அது 1, நிரம்பிய பரப்புக்கு 2. 1980களின் இறுதியிலிருந்து நடந்துவரும் அளவீடுகளில் பெரும்பாலும் 1.7ஐ ஒட்டிய மதிப்பே கிடைத்துள்ளது.

படத்தின்மேல் சதுரக் கட்டங்களை விரித்து, நாளம் விழும் கட்டங்களை மட்டும் எண்ணுவதே பெட்டி எண்ணும் முறை. கட்டத்தின் பக்கத்தை இருமடங்காக்கினால், நேர்கோடு விழும் கட்டங்கள் பாதியாகவும், நிரம்பிய பரப்பு விழும் கட்டங்கள் கால் பங்காகவும் குறையும், பரிமாணம் 1.7 என்றால் ஏறத்தாழ மூன்றேகாலில் ஒரு பங்காகும். பல பக்க அளவுகளுக்கு எண்ணி, மடக்கை வரைபடத்தில் குறித்தால், அந்தக் கோட்டின் சாய்விலிருந்து பரிமாணம் கிடைத்துவிடும்.

சாய்வைக் கணக்கிடுவது எளிது. எந்த அளவுகளுக்கிடையே கணக்கிடுகிறோம் என்பதில்தான் முடிவு தங்கியிருக்கிறது. கட்டம் நாளத்தின் தடிமனைவிடச் சிறியதானால் நாளமே நிரம்பிய பரப்பாகத் தெரியும். மிகப் பெரியதானால் எல்லாக் கட்டத்திலும் ஏதாவதொரு நாளம் விழுந்துவிடும். ஆகவே இரு முனைகளிலும் சாய்வு 2ஐ நோக்கி நகரும். நாளங்களை ஒற்றைப் பிக்சல் கோடாக மெலித்துவிட்டாலோ, சிறிய கட்டங்களில் அது 1ஐ நோக்கிச் சரியும். ஒரே கண்ணுக்கு இரு ஆய்வாளர்கள் இரு விடை தருவதற்கு இதுவே போதும். கேமராவின் கோணமும், படத்தின் தெளிவும், நாளங்களைப் பிரித்தெடுக்கும் முறையும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. நீரிழிவால் பரிமாணம் கூடுகிறது என்று சில ஆய்வுகளும், குறைகிறது என்று வேறு சிலவும் கூறுவதைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எனவே முதலில் உங்கள் முறையைச் சோதியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே மென்பொருளில், ஃபிராக்லாக் என்னும் கூடுதல் நிரலைச் சேர்த்து, கோக் வளைகோட்டை (கோட்டின்மேல் முக்கோண முனைகளைத் திரும்பத் திரும்பச் சேர்த்து வரையும், பரிமாணம் ஏற்கெனவே தெரிந்த வடிவம்) அளந்து பாருங்கள்; விடை அதன் பரிமாணமான 1.26க்கு அருகில் வராவிட்டால் கண் படங்களைத் தொட வேண்டாம். பிறகு நெதர்லாந்தில் தொகுக்கப்பட்ட டிரைவ் என்னும் விழித்திரைப் படத்தொகுப்புக்குச் செல்லலாம். அதில் வல்லுநர் கையால் குறித்த நாள வரைவுகள் இருப்பது பெரிய வசதி. ஆனால் அதன் 40 படங்களில் 7இல் மட்டுமே தொடக்கநிலைப் பாதிப்பு உள்ளதால், அளக்கப் பழகுவதற்கு அது உதவுமே அன்றி நோயைப் பிரித்தறிவதற்குப் போதாது.

பாரதியார் பெயர் தாங்கிய நம் அரசுக் கண் மருத்துவமனையை அணுக எண்ணினால், நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். ஒரே கேமராவில், ஒரே கோணத்தில் எடுத்த படங்களையே கேளுங்கள். நோயாளிகளின் வயதையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் நாளங்களின் அமைப்பை மாற்றக்கூடியவை. ஆய்வேட்டில் பரிமாணத்தை எழுதும் அதே வரியில், பயன்படுத்திய மிகச்சிறிய, மிகப்பெரிய கட்ட அளவுகளையும் பிக்சலில் குறிப்பிடுங்கள்.